வெள்ளிக்கிழமைப் பூ: அலுவலக வேலையை விடாமல் பூ வியாபாரம் தொடங்குவது எப்படி?

இந்தத் தொழிலுக்கு எவ்வளவு முதல் வேண்டும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஐயாயிரம் ரூபாய் போதும், அதிலும் மிச்சம் இருக்கும். போதாமல் போவது தூக்கம்தான். கோயம்பேட்டில் நல்ல பூ கிடைப்பது விடியற்காலை நான்கு மணிக்கு. அலுவலகத்தில் விரல் ரேகை வைக்க வேண்டியது ஒன்பதரைக்கு. இந்த ஐந்தரை மணி நேரத்துக்குள் வாங்கி, கட்டி, பொட்டலம் போட்டு, வீடு வீடாகக் கொடுத்து, குளித்து, நான்கு இட்லியை விழுங்கிவிட்டுக் கிண்டிக்குப் போய்ச் சேர வேண்டும்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அசோக் நகர்ப் பக்கம் வீடு. வெள்ளிக்கிழமை மட்டும், சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளுக்குப் பூசைப் பூ கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பூங்கொத்து, மண்டப அலங்காரம் எல்லாம் வேறு உலகம். அதற்கு ஆட்களும் வண்டியும் வேண்டும், இரவு முழுவதும் விழித்திருக்கவும் வேண்டும். மாதச் சம்பளக்காரர் தனியாகத் தொடங்க ஏற்றது இந்தப் பூசைப் பூதான். எனவே அதை மட்டும் சொல்கிறேன்.

படி 1: நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள்

பீரோவில் கிடக்கும் அந்தக் கடிதத்தில், வேறு தொழில் எதிலும் ஈடுபடக் கூடாது என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தால் மனிதவளப் பிரிவில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். வார நாளில் அலுவலக நேரத்தைத் தொடாத பூ வியாபாரத்துக்கு என் மேலாளர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ‘நாய் விற்ற காசு குரைக்குமா’ என்பார்களே, பூ விற்ற காசு மணக்குமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அரசு ஊழியர்களுக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973இல் வந்தவை, மத்திய அரசு ஊழியர்களுக்கானவை 1964இல் வந்தவை. இரண்டுமே முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்வதைத் தடுக்கின்றன. மனைவி பெயரில் நடத்தினால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடும்பத்தார் நடத்தும் வியாபாரத்தையும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசு விதிகள்.

படி 2: கால் கிலோ மல்லி வாங்கி, நீங்களே கட்டிப் பாருங்கள்

பூ கட்டத் தெரியாதவர் பூ வியாபாரம் செய்யலாம். ஆனால் கட்டுவதற்கு எவ்வளவு நேரமாகும், எத்தனை முழம் வரும் என்று தெரியாதவர் செய்ய முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ மொட்டு வாங்கிவந்து தரையில் உட்காருங்கள்.

வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்தைப் பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நார் பாதியில் அறுந்துவிடும். இரண்டு மொட்டுகளை இடப்பக்கம் பார்த்தும் இரண்டை வலப்பக்கம் பார்த்தும், காம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி, இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். நாரைக் காம்புகளின் மேல் ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு வலது கை விரலில் நாரை முறுக்கி ஒரு கண்ணி போட்டு, அதைப் பூவின் மேலே மாட்டி இழுங்கள். அதிகமாக இழுத்தால் காம்பு அறுந்து மொட்டு உதிரும். தளர்வாக விட்டால் அடுத்த கண்ணி போடுவதற்குள் முதல் கண்ணி நழுவும். எவ்வளவு இழுப்பது என்பதை யாராலும் சொல்லிக் கொடுக்க முடியாது, விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். என் முதல் முழத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதைத் தூக்கிப் பார்த்த என் அம்மா, “இது சரமாடா, பல் விழுந்த வாயா?” என்று கேட்டார்.

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம், ஏறக்குறைய ஒன்றரை அடி. ஆளுக்கு ஆள் கை மாறும் என்பதால் நான் 45 சென்டிமீட்டர் என்று ஒரு குச்சியில் குறித்துவைத்துவிட்டேன். நெருக்கமாகக் கட்டினால் கால் கிலோவுக்கு எனக்கு ஏழு, எட்டு முழம் வருகிறது. இடைவெளி விட்டுக் கட்டினால் பத்துக்கு மேலும் வரும். வாங்குகிறவர் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருப் பாட்டிகள் சரத்தைத் தொட்டே சொல்லிவிடுவார்கள்.

படி 3: கட்டுகிறவரைக் கண்டுபிடியுங்கள்

இதைச் செய்து முடித்ததும் உங்களுக்கே புரிந்துவிடும்: இருபது முழத்தை நீங்கள் கட்டினால் அலுவலகத்துக்கு மதியம்தான் போக முடியும். எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்கா ஒரு முழத்தை மூன்று நிமிடத்தில் முடிக்கிறார், அதுவும் என்னோடு பேசிக்கொண்டே.

அவரோடு போட்டிக்கு இறங்குவது தவறு என்பது என் கருத்து. நான் சம்பளம் வாங்குகிறவன், அவருக்கு அந்தக் கூடைதான் சம்பளம். முதல் நாளே அவரிடம் போய், “அக்கா, உங்கள் வாடிக்கைக்காரர் யாரையும் நான் தொட மாட்டேன். வெள்ளிக்கிழமை எனக்குக் கட்டித் தருகிறீர்களா? முழத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம்” என்றேன். “பூவையும் நீயே வாங்குகிறாயா? உன்னை நன்றாக ஏமாற்றுவார்கள் தம்பி” என்று சொல்லிவிட்டுச் சம்மதித்தார். அவர் சொன்னது நடந்தது. அதற்கு வருகிறேன்.

படி 4: முதலில் ஆர்டர், பிறகுதான் பூ

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பார்கள். கடை இருப்பவருக்கு அது சரி. நம்மிடம் கடை கிடையாது, மாலையில் வாடிப்போகும் சரக்கு மட்டும்தான் இருக்கிறது. எனவே ஒரு மொட்டைக்கூட விற்கலாம் என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள். நடந்து போகும் தூரத்தில் ஒரே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பிடியுங்கள். இருபது வீடு ஒரே கட்டடத்தில் கிடைப்பது, பத்துத் தெருவில் நாற்பது வீடு கிடைப்பதைவிட மேல்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஆறே காலுக்கு வரும் “தம்பி, எனக்கும் ஒரு முழம்” என்ற செய்திக்கு, அடுத்த வாரம் மாமி என்று பதில் போட முதலில் சங்கடமாக இருக்கும். பழகிவிடும்.

படி 5: சந்தையில் கையை உள்ளே விடுங்கள்

கோயம்பேடு மொத்தச் சந்தை 1996இல் திறக்கப்பட்டது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து சாமந்தியும் ரோஜாவும், மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து மல்லியும் இரவோடு இரவாக அங்கே வந்து இறங்கும். முதல் இரண்டு முறை எதுவும் வாங்காமல் சுற்றிப் பாருங்கள். மூன்று கடையில் விலை கேளுங்கள். எட்டு மணிக்கு மேல் விலை இறங்கும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது மீதி இருப்பது மற்றவர்கள் தள்ளிய பூ. தவிர, அந்த நேரத்தில் நமக்கு அங்கே வேலை இல்லை.

இப்போது அக்கா சொன்னது. என் இரண்டாவது வாரத்தில் ஒரு கடையில் மேலாகப் பார்த்து முக்கால் கிலோ மல்லி வாங்கினேன். பச்சையும் வெள்ளையுமாக அழகான மொட்டு. வீட்டில் கொட்டினால் அடியில் பாதி முந்தின நாள் பூ. நுனி பழுத்து, சில விரிந்தே இருந்தன. அக்கா ஒன்றும் பேசாமல் முறத்தில் புடைத்துத் தள்ளத் தொடங்கினார். அன்று ஆறு வீட்டுக்குப் பூ இல்லை.

அதன் பிறகு செய்வது இதுதான். சாக்கின் வாயைப் பார்க்காமல், நடுவில் மணிக்கட்டு வரை கையை விடுங்கள். புதுப் பூ குளிர்ச்சியாக இருக்கும். கட்டிப்போட்டு வெகுநேரம் கிடந்த பூவில் வெதுவெதுப்பு தெரியும், புளித்த வாடையும் இலேசாக வரும். கையை வெளியே எடுத்தால் விரல் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறதா? எடைக்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். மொட்டு இறுக மூடி, நீண்டு, காம்பு பச்சையாக இருக்க வேண்டும். எல்லாக் கடைக்காரரும் மதுரை மல்லி என்றுதான் சொல்வார்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை, ஆனால் சாக்கில் அதெல்லாம் எழுதியிருக்காது. கையை நம்புங்கள்.

பிளாஸ்டிக் பை வேண்டாம். மூச்சு விட முடியாமல் பூ அவிந்துவிடும். மூங்கில் கூடையில் ஈரச் சாக்கு விரித்து, மேலே பிழிந்த துணி போட்டு மூடினால் போதும். வீடுகளுக்குக் கொடுக்கும்போதும் வாழையிலைப் பொட்டலம்தான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது, பூவுக்கும் இலைதான் நல்லது.

படி 6: கணக்கு

இதுதான் என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விலைகள் உதாரணத்துக்குத்தான், நீங்கள் வாங்கும் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இருபது வீடு. வீட்டுக்கு ஒரு முழம் மல்லி, நூறு கிராம் சாமந்தி, கொஞ்சம் துளசி. பொட்டலம் 60 ரூபாய், வரவு 1,200. மல்லி கிலோ 600 என்றால் முக்கால் கிலோவுக்கு 450. சாமந்தி கிலோ 100 என்று இரண்டு கிலோ 200. துளசி 60. கட்டுகூலி முழத்துக்கு 6 வீதம் 120. நார், இலை 50. பெட்ரோல், வண்டி நிறுத்தக் கட்டணம் 70. ஆகச் செலவு 950, கையில் நிற்பது 250. மூன்றரைக்கு எழுந்து ஏழரை வரை உழைத்ததற்கு, மணிக்கு 62 ரூபாய் சொச்சம். பெருமைப்பட ஒன்றும் இல்லை. அதே கட்டடத்தில் நாற்பது வீடானால் செலவு 1,830, வரவு 2,400, நிற்பது 570. சந்தைக்குப் போய்வரும் நேரமும் பெட்ரோலும் இரட்டிப்பாவதில்லை அல்லவா, லாபம் அங்கேதான் இருக்கிறது.

மல்லி கிலோ 2,000 ஆனால்? கார்த்திகை, மார்கழிப் பனியில் மொட்டு வரத்துக் குறைந்து அது ஆகத்தான் செய்யும். முக்கால் கிலோவுக்கே 1,500 போய்விடும். இருபது வீட்டுக் கணக்கில் 800 ரூபாய் நட்டம். முதல் வருடம் மாதம் முழுவதற்கும் ஒரே விலை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தை முகூர்த்தங்களின்போது வாரா வாரம் என் சம்பளத்திலிருந்து எடுத்துப் பூ வாங்கிக் கொடுத்தேன். இப்போது உதிரிப்பூவுக்கு மட்டும்தான் நிலையான விலை. மல்லிக்கு அன்றன்றைய விலை. வேண்டாம் என்பவருக்குச் சம்பங்கி. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

விலை எப்போது ஏறும் என்பதற்குத் தினசரி நாட்காட்டியே போதும். முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் ஏறும். ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் ஆடி வெள்ளிக்கு ஆர்டர் இரட்டிக்கும். பங்குனி, சித்திரையில் மல்லி கொட்டிக் கிடக்கும். புது வாடிக்கை பிடிக்க அதுதான் காலம். பிரதோஷத்துக்கு வில்வம், சங்கடஹர சதுர்த்திக்கு அருகம்புல், புரட்டாசிச் சனிக்குத் துளசி. இவற்றை முந்தின நாளே கேட்டு வைத்துக்கொண்டால் மல்லியில் விட்டதைக் கொஞ்சம் பிடிக்கலாம்.

படி 7: காகித வேலை

பெரிதாக ஒன்றும் இல்லை. உதிரிப்பூவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வேண்டுமென்றால் ஆதார், பான் எண்களை வைத்து அரசின் இணையதளத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். வியாபார வருமானம் வந்துவிட்டால் சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 என்ற வருமான வரிப் படிவம் ஒத்துவராது. சிறு வியாபாரிகள் ஐடிஆர்-4இல், ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி அல்லது யுபிஐ வழி வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். உண்மையான லாபம் அதற்கு மேல் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். யுபிஐக்கு ஒரு தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கிலேயே பூக்காசும் விழுந்தால் மார்ச் மாதத்தில் தலை சுற்றும்.

படி 8: வர முடியாத வெள்ளி

காய்ச்சல் வரும். கணக்கு முடிக்கும் வாரத்தில் இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புவீர்கள். அன்று என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். எனக்குப் பூ கட்டும் அக்காவின் மகன் இருக்கிறான், கல்லூரி இரண்டாம் ஆண்டு. வாங்க வேண்டியவை, வீட்டு எண்கள், யாருக்கு என்ன என்று ஒரே தாளில் எழுதி வியாழன் இரவே அவனுக்கு அனுப்பிவிடுவேன், நான் போகிற வாரங்களிலும்கூட. அன்றைய லாபம் முழுவதும் அவனுக்கு. சென்ற மார்ச்சில் மூன்று வெள்ளி அவன்தான் போனான். இரண்டாவது வாரம் மூன்றாவது மாடி மாமி என்னை அழைத்தார்: “அந்தப் பையனையே அனுப்பப்பா, உன்னைவிட நல்ல பூவாகப் பார்த்து வாங்குகிறான்.”