கவனம் சிதறிய அந்த ஒரு வரி

பொறியியல் இரண்டாம் ஆண்டில், சிக்னல்ஸ் (சைகைகளைக் கணிதத்தால் ஆராயும் பாடம்) வகுப்பு தொடங்கிய பத்தே நிமிடத்தில் என் மனம் எங்கோ போய்விடும். மூன்று வாரம் இப்படியே ஓடியது. போனை விடுதி அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். முதல் பெஞ்சுக்கு மாறினேன். இரவு பத்து மணிக்கே படுத்தேன். பலனில்லை. இந்தப் படிப்பே வேண்டாம் என்று வீட்டில் சொல்லத் தயாராகிவிட்டேன்.

பிறகு, கவனம் கலையும்போதெல்லாம் நோட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன். நான்கு வகுப்புகளில் 11 புள்ளிகள். அவற்றில் 9 புள்ளிகள் ஒரே இடத்தில் விழுந்திருந்தன: நேர்மாறு லாப்லாஸ் உருமாற்றம் (வேறு வடிவத்துக்கு மாற்றிய கோவையை மீண்டும் நேரத்தின் சார்பாக மாற்றும் முறை) காண, பின்னத்தைப் பிரித்து எழுதும் வரி. 'இது உங்களுக்குத் தெரிந்ததுதான்' என்று ஆசிரியர் தாண்டிப்போகும் வரி அது. எனக்குத் தெரியாது. பள்ளியில் இதை, அதாவது ஒரு பின்னத்தை எளிய பின்னங்களின் கூட்டலாகப் பிரிக்கும் பகுதிப் பின்னங்களை, நடத்தியபோது மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன்.

பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பாடத்தை மட்டும் இரண்டு நாள் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்தேன். பின்னத்தின் கீழே ஒரே காரணி இரண்டு முறை வந்தால், முதல் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்குக்கும் தனித்தனிப் பின்னம் எழுத வேண்டும். நான் இடறியது அங்கேதான்.

அடுத்த வகுப்பில் ஒரு புள்ளிகூட விழவில்லை.