டிசம்பர் விடுமுறையில் கரும்புத் தோட்டத்தில் ஆய்வுப் பயிற்சி: முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலோ வெருலத்திலோ இருந்துகொண்டு 'வேளாண்மையில் கோடை ஆய்வுப் பயிற்சி' என்று இணையத்தில் தேடும் இளநிலை மாணவருக்கு முதலில் கிடைப்பவை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்கும் வடகோளத்துத் திட்டங்களே. அம்மாதங்கள் நமக்குக் குளிர்காலம். பல்கலைக்கழக விடுமுறையும் சில வாரங்கள்தான். போதாக்குறைக்கு, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இளநிலை ஆய்வுத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உடையவர்களுக்கும் மட்டுமே உதவித்தொகை தருகிறது. ஆகவே, நம் கோடையான டிசம்பர், ஜனவரி மாதங்களில், நாம் இங்கே 'வேக் வொர்க்' என்று சொல்லும் விடுமுறைப் பணியாக, வீட்டுக்கு அருகிலேயே தேடுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

முதற்படி: பயிரின் நாட்காட்டியைப் பாருங்கள்

டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் கரும்பு வெட்டுதலும் ஆலை அரைவையும் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடிகின்றன. நீங்கள் தோட்டத்துக்குள் கால் வைக்கும்போது ஆலை மூடியிருக்கும், அல்லது மூடும் தறுவாயில் இருக்கும். வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்புப் பயிர் மழையில் கிடுகிடுவென வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் விளைச்சலை அளக்கும் ஆய்வை அப்போது செய்ய முடியாது. மண், சோகை (கரும்பின் உலர்ந்த இலை), களை, பூச்சி ஆகியவற்றை அளக்கலாம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பெரும்பாலான அலுவலகங்கள் அடைபட்டிருப்பதால், எட்டு வாரப் பயிற்சி நடைமுறையில் ஐந்தாறு வாரமாகச் சுருங்கிவிடும் என்பதையும் இப்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஆறு வாரத்தில் விடை கிடைக்கும் ஒரே கேள்வி

முதன்முறை வருபவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான். 'நிலைத்த வேளாண்மையைப் பற்றி ஆராய விரும்புகிறேன்' என்பது விருப்பம். அதை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் எதை அளப்பது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். டர்பனுக்கு அருகில் உள்ள மவுண்ட் எட்ஜ்கூமில் 1939-இல் தொடங்கிய கள ஆய்வு ஒன்று இன்றும் நடக்கிறது. உலகிலேயே மிக நீண்ட காலமாக நடந்துவரும் கரும்பு ஆய்வு அதுதான். அறுவடைக்கு முன் தோட்டத்தைக் கொளுத்துவதற்கும், பச்சையாக வெட்டிச் சோகையை மண்மீது பரப்பிவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அது உரமிட்ட, உரமிடாத பாத்திகளில் ஒப்பிடுகிறது. சோகை பரப்பிய மண்ணின் மேலடுக்கில் கரிமப்பொருள் கூடியிருப்பதை அது காட்டியுள்ளது. பல பத்தாண்டுகள் ஓடும் இத்தகைய ஆய்விலிருந்து ஒரு மாணவர் கிள்ளி எடுக்கக்கூடிய சிறு கேள்வி இது: கொளுத்திய பாத்தியிலும் சோகை மூடிய பாத்தியிலும் ஒரே அளவு சோகையை வைத்தால், எதில் அது விரைவாக மட்குகிறது?

இதற்கு வேண்டியவை நைலான் வலைப்பைகள், உலர்த்தும் அடுப்பு, நுண்தராசு ஆகியவையே. சோகையை உலர்த்தி, எடைபோட்டு, பைகளில் இட்டு, மண்மீது பதித்து வையுங்கள். இரண்டு, நான்கு, ஆறு வார முடிவில் சில பைகளை எடுத்து, ஒட்டிய மண்ணைத் தட்டி நீக்கி, மீண்டும் உலர்த்தி எடைபோடுங்கள். எல்லோரும் விடுப்பில் இருக்கும்போதும் சோகை மட்கிக்கொண்டே இருக்கும் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி. ஒரே பாத்தியில் பத்துப் பைகள் வைத்தால் அவை பத்துத் தனித்தனிச் சான்றுகள் ஆகிவிடா. கொளுத்தியது, சோகை மூடியது என ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது நான்கு தனிப் பாத்திகளாவது வேண்டும்.

பூச்சியியலில் ஆர்வம் உள்ளவர்கள் எல்டானா என்னும் தண்டுத்துளைப்பானை எடுத்துக்கொள்ளலாம். மிகையான தழைச்சத்தும் நீர்ப்பற்றாக்குறையும் அதன் சேதத்தைக் கூட்டுகின்றன. தண்டைப் பிளந்து துளைகளை எண்ணுவது கடினமன்று, கைதான் வலிக்கும்.

மூன்றாம் படி: ஆளைத் தேடி எழுதுதல்

1925-இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையம் மவுண்ட் எட்ஜ்கூமிலும், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வேளாண் துறைகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ளன. இவை தவிர அரசின் வேளாண் ஆராய்ச்சி மன்றமும் உண்டு. விளம்பரம் வரட்டும் என்று காத்திராமல், உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஆய்வாளர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டு, ஜூலை அல்லது ஆகஸ்டிலேயே எழுதுங்கள். நவம்பரில் எழுதினால் வண்டியும் பணமும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். நீங்கள் யார், எந்தக் கட்டுரையில் எது உங்களை நிறுத்தியது, எந்தத் தேதியிலிருந்து எதுவரை வர முடியும், என்ன செய்யத் தெரியும் ஆகிய நான்கையும் பத்து வரிக்குள் சொல்லி, மதிப்பெண் பட்டியலை இணைத்தால் போதும். ஒரே மடலை முப்பது பேருக்கு அனுப்புவது முதல் வரியிலேயே வெளிப்பட்டுவிடும். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம்.

நான்காம் படி: ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

உதவித்தொகை உண்டா, தோட்டத்துக்கு யார் வண்டியில் செல்வது, விபத்துக் காப்பீடு யார் பொறுப்பு, தரவு யாருக்குச் சொந்தம் என்பவற்றை எழுத்தில் கேட்பதில் தயக்கம் வேண்டாம். தைப்பூசக் காவடி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். விரதம் இருப்பவர்கள் அந்நாட்களைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், வெறும் வயிற்றோடு கடும் வெயிலில் நிற்கும் வேலையை முன்னரோ பின்னரோ மாற்றி வைக்க முடியும்.

ஐந்தாம் படி: தோட்டத்தில்

விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடியுங்கள். முழங்கால் வரையிலான ரப்பர் காலணி கட்டாயம். கரும்புக்குள் மாம்பாவும் நச்சு உமிழும் நாகமும் உண்டு, தனியாக உள்ளே போகாதீர்கள். என் முதல் பயிற்சியில் பைகளின் அடையாளச் சீட்டுகளைப் பேனாவால் எழுதினேன். ஒரே வாரத்து மழையில் எல்லாம் கரைந்துபோயின. பாதிப் பைகள் எந்தப் பாத்தியைச் சேர்ந்தவை என்றே தெரியவில்லை. பென்சிலால் எழுதி ஒரு சீட்டைப் பைக்குள்ளும் ஒன்றை வெளியிலும் வையுங்கள். குறிப்பேட்டுப் பக்கங்களை அன்றன்றே படமெடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆறாம் படி: கடைசி வாரம்

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் அளக்காதீர்கள். எடைகளை அட்டவணையாக்கி, ஒவ்வொரு நெடுவரிசையின் தலைப்புக்கும் அலகோடு விளக்கம் எழுதி, இரண்டு பக்க அறிக்கையுடன் ஒப்படையுங்கள். வேறுபாடு ஏதும் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால், உங்கள் முகம் மேற்பார்வையாளருக்கு நினைவிருக்கும் அந்த வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.