மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு மழையில நனையாம பைக் ஓட்டி ஏறுறது எப்படி

மலை ஏறும்போது மழையில நனையறவங்கள விட வேர்வையில நனையறவங்கதான் ஜாஸ்தி. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், குன்னூர் 1800ஐ தாண்டிரும், நடுவுல 14 கொண்டை ஊசி, ஒரு மணி நேரத்துல வெப்பம் 10 டிகிரி கிட்ட இறங்கிரும். கீழயே ரெயின்கோட்ட கழுத்து வரைக்கும் ஜிப் போட்டுட்டு கிளம்புனா கல்லாறு தாண்டுறதுக்குள்ள பனியன் தொப்பலாயிரும், அப்புறம் காட்டேரி பார்க் பக்கம் குளிர்காத்து அடிக்கும்போது பல்லு தந்தி அடிக்கும், ஆனா வெளிய இருந்து ஒரு சொட்டு கூட உள்ள போயிருக்காது.

அதனால ரெயின் பேண்ட்ட மட்டும் கீழயே மாட்டிருங்க, ஏன்னா ரோட்டோரத்துல ஒத்தக்கால்ல நின்னு ஈர ஷூவுக்கு மேல அத இழுக்கறது ஒரு சர்க்கஸ். கோட்ட பேக்ல மேலாப்ல வெச்சுட்டு பர்லியாறுல டீ குடிச்சுட்டு போட்டா போதும். கீழயே மழைன்னா போட்டுத்தான் ஆகணும், உள்ள ஒரே ஒரு பாலியஸ்டர் டீசர்ட் போதும், காட்டன் வேண்டவே வேண்டாம். ஸ்வெட்டர் தண்ணி போகாத பைக்குள்ள இருக்கட்டும், மேல போய் போட்டுக்கலாம்.

தண்ணி உள்ள வர்றது கழுத்து, மணிக்கட்டு, அப்புறம் மடி. இதுல மடிதான் மோசம், உக்காந்தா அங்க சின்னதா குளம் கட்டிரும், கால் ரெண்டும் சேர்ற இடத்து தையல் வழியா மெதுவா ஜில்லுனு இறங்கும் பாருங்க, சொல்ல முடியாது. புது பேண்ட் வாங்குனா அத போட்டுட்டு பாத்ரூம்ல ஒரு ஸ்டூல்ல உக்காந்து மடியில ரெண்டு மக் தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் இருங்க. வீட்ல சிரிப்பாங்க, பரவால்ல.

கை ஹேண்டில பிடிச்சிருக்கறப்போ தண்ணி கை வழியா கீழதான் ஓடும், அதனால கோட்டு கை கிளவுசுக்கு மேல வரணும், பேண்ட் கால் ஷூவுக்கு மேல வரணும், ஷூவுக்குள்ள சொருகுனீங்கன்னா ஷூ வாளி மாதிரி ரொம்பிரும். அப்படியே பேண்ட் காலை ஒரு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக்கங்க, எனக்கு ஒரு தடவ பேண்ட்டோட வலது கால் சைலன்சர்ல ஒட்டி உருகிப்போச்சு, வீடு வரைக்கும் அந்த நாத்தத்தோடயே போனேன். போஞ்சோ மாதிரி தொங்கறதெல்லாம் பைக்குக்கு வேண்டாம், சங்கிலில மாட்டும்.

சாக்ஸ் மேல கேரி பேக் சுத்துற ஐடியாவ மறந்துருங்க, நீலகிரில அதுக்கு தடை இருக்கு. ஷூ கவர் வாங்கிக்கங்க.

ஹெல்மெட் வைசர் (முன்னாடி கண்ணாடி) மூச்சுல ஆவி புடிச்சு மூடிக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி உள்பக்கம் ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட காஞ்ச துணில தேச்சு கண்ணுக்கு தெரியாத அளவுக்கு தொடச்சு விட்டா கொஞ்ச நேரம் தாங்கும். மிஸ்ட் எறங்கிட்டா வைசர ஒரு விரல் அளவு தூக்கி வெச்சுட்டு ஸ்லோவா போங்க.

இன்னொன்னு, கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன்ல இருந்தே கொட்டும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர்லதான் வெளுக்கும், ரெண்டு பக்கமும் போறவங்க கோட்ட மடிச்சு உள்ள வெக்க நேரமே இருக்காது.

ராத்திரி ஷூவுக்குள்ள நியூஸ்பேப்பர கசக்கி திணிங்க, ஒரு மணி நேரம் கழிச்சு எடுத்துட்டு வேற பேப்பர் வைங்க. அடுப்புகிட்ட வெச்சா சோல் பேந்துக்கும்.