இணையக் கடையில் விலையை ஒளிக்காதீர்கள்

யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளோ பனங்கட்டியோ இணையத்தில் விற்கிறீர்கள் என்றால் முதலில் விலையைப் போடுங்கள். 'விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ' என்று எழுதினால், ஆள் பார்த்து விலை சொல்லப் போகிறார்கள் என்றுதான் சனம் நினைக்கும், அதுவும் வெளிநாட்டில் இருந்து பார்ப்பவர்கள் உடனே நினைப்பார்கள். கடையில் விலையைக் காட்சிப்படுத்தச் சொல்லி 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமே இருக்கிறது, இணையத்தில் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

பிறகு கூரியர் செலவு. கடைசிப் பக்கத்தில் திடீரென்று கூட்டாமல், பொருளுக்குக் கீழேயே கொழும்புக்கு இவ்வளவு, லண்டனுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். தூள் என்றால் இடித்த திகதி, நிறை, என்னென்ன சேர்த்தது எல்லாம் வேண்டும். பைக்கற்றின் பின்பக்கத்தை எழுத்து வாசிக்கும்படி கிட்டப் பிடித்துப் படமெடுத்துப் போட்டால் பாதி வேலை முடிந்தது. முகவரியும் தொலைபேசி இலக்கமும் கட்டாயம். பைக்கற் உடைந்து போய்ச் சேர்ந்தால் காசு திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.