உப்புக்காற்றுள்ள ஊரில் சிறிய கேபினெட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

தொண்டியில் இ-சேவை மையம் நடத்துகிறவருக்கும், கீழக்கரையில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கிறவருக்கும், இராமேஸ்வரத்து விடுதியில் வரவேற்பு மேசையைக் கவனிக்கிறவருக்கும் பொதுவான ஒரு தேவை, மேசையை அடைத்துக்கொள்ளாத சிறிய கணினி. அதைப் பாகம் பாகமாக வாங்கிக் கோக்கும்போது பிராசசரைப் பற்றியும் கிராபிக்ஸ் கார்டைப் பற்றியும் நாள்கணக்கில் யோசிக்கிறோம்; இவை எல்லாவற்றையும் உள்ளே தாங்கும் பெட்டியான கேபினெட்டை மட்டும் படத்தில் அழகாகத் தெரிகிறதா என்று பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். மற்றப் பாகங்கள் எந்த அளவில் இருக்கலாம், எவ்வளவு சூட்டில் வேலை செய்யும், எத்தனை ஆண்டு உப்பைத் தாங்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தக் கேபினெட்தான். அளவு, உலோகம், காற்றோட்டம் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்றாலும், நம் கரையோரத்தில் இறுதி முடிவை எடுக்க நான் பார்ப்பது வேறொன்று: அதை எவ்வளவு எளிதாகத் திறந்து, துடைத்து, மூட முடிகிறது என்பதே அது.

முதலில் அளவு. சிறிய கேபினெட்டுகளின் பருமனை லிட்டரில் சொல்வது வழக்கம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேபினெட்டின் அளவு, கால்களையும் துருத்தல்களையும் விட்டுவிட்டால் 360 × 185 × 274 மில்லிமீட்டர், அதாவது சுமார் 18.25 லிட்டர், அவற்றையும் சேர்த்தால் 376 × 185 × 292 மில்லிமீட்டர், அதாவது 20 லிட்டருக்கும் மேல். இரண்டு கணக்கும் சரியானவையே. மேசைத் தட்டுக்குள் அது நுழையுமா என்று பார்க்கிறவருக்குப் பெரிய எண்தான் தேவை. அதோடு பின்பக்கம் கேபிள்கள் வளைவதற்கு ஐந்தாறு சென்டிமீட்டரும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் நடுத்தர டவர்களே பெரும்பாலும் கண்ணில் படுவதால், சிறிய கேபினெட்டை நேரில் பார்க்காமல் இணையத்தில் வாங்கும் நிலைதான் பலருக்கும். அப்போது அட்டையை வெட்டி மாதிரி செய்து பார்ப்பது மிகவும் பயன்படும். மதர்போர்டு அளவுகளில் சிறியதான மினி ஐடிஎக்ஸ் 170 × 170 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244 × 244 வரை போகும். கணினிக்கு மின்சாரம் தரும் பாகமான எஸ்எம்பிஎஸ்ஸில், சிறிய கேபினெட்டுகள் கேட்கும் எஸ்எஃப்எக்ஸ் வகை 125 × 63.5 × 100 மில்லிமீட்டர். எஸ்எஃப்எக்ஸ்-எல் வகையில் 100 என்பது 130 ஆகும். சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மில்லிமீட்டர் அகலமும் 86 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது என்பதால், வீட்டில் இருக்கும் பழையதை இதில் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு பெரும்பாலும் பலிக்காது. இந்த அளவுகளில் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, கேபினெட்டின் உள்ளளவுக்குக் கோடு போட்ட தாளின் மேல் அடுக்கிப் பார்த்தால், கேபிள்களுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பது எந்த விவரப் பட்டியலையும்விடத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

பிராசசர் கூலரின் உயரத்தில்தான் பலருடைய கணக்கு பிசகுகிறது. கேபினெட் கையில் இருந்தால், மதர்போர்டு அமரும் தகட்டிலிருந்து பக்கக் கதவின் உட்புறம் வரை ஸ்கேலால் அளந்து, அதிலிருந்து ஏறத்தாழ 15 மில்லிமீட்டரைக் கழிக்க வேண்டும்: போர்டைத் தூக்கி நிறுத்தும் பித்தளைக் கால்களுக்குச் சுமார் 6, போர்டின் தடிமனுக்கு 1.6, சாக்கெட்டில் அமர்ந்த சிப்பின் மேற்பரப்பு வரை சுமார் 7. மிஞ்சுவதே கூலருக்கான இடம். 70 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் 55 கிடைக்கும். ஏஎம்டி பிராசசர்கள் சிலவற்றின் பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரின் உயரம் 54. எண்படி அது நுழைந்துவிடும். ஆனால் கதவு துளையில்லாத தகடாக இருந்தால் ஒரு மில்லிமீட்டர் சந்தின் வழியே அந்த விசிறியால் காற்றை இழுக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் 37 மில்லிமீட்டர் உயரமுள்ள நாக்டுவா என்எச்-எல்9 வகைக் கூலரையும் 65 வாட்டைத் தாண்டாத பிராசசரையும் தேர்ந்தெடுப்பதே முறை.

கிராபிக்ஸ் கார்டு தேவையில்லாதவர்கள் அடுத்த வரியை மட்டும் படித்துவிட்டு இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். பில் போடுவதற்கும் சான்றிதழ் அச்சிடுவதற்கும் இன்வின் சோபின் போன்ற, உள்ளேயே எஸ்எம்பிஎஸ் பொருத்திய 3.3 லிட்டர் கேபினெட் தாராளமாகப் போதும். வீடியோ தொகுப்பவர்கள் கார்டின் நீளத்தை மட்டும் பார்க்காமல் தடிமனையும் பார்க்க வேண்டும். ஒரு ஸ்லாட் 20.32 மில்லிமீட்டர், இரண்டு ஸ்லாட் என்று விற்கப்படும் கார்டுகள் பலவும் அதைத் தாண்டிப் புடைத்திருக்கும். மின் இணைப்பு கார்டின் மேல்விளிம்பில் இருந்தால் கேபிள் திரும்புவதற்கும் இடம் வேண்டும். புதிய 16 ஊசி இணைப்பில் முதல் 35 மில்லிமீட்டர் வரை வளைக்காமல் விடுவது பாதுகாப்பு. கார்டை மதர்போர்டின் முதுகுப்புறமாக நிறுத்தும் கேபினெட்டுகளில், கார்டையும் போர்டையும் இணைக்கும் ரைசர் கேபிள் ஒன்று வரும். கார்டு மதர்போர்டோடு பேசும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் நான்காம் தலைமுறை (4.0) கார்டுக்கு மூன்றாம் தலைமுறை (3.0) ரைசர் கொடுக்கப்பட்டிருந்தால் திரையே வராமல் போகலாம். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரைசர் என்பது ஈரக்காற்று படும் கூடுதல் இணைப்பும் ஆகும் என்பதால், கடலோரத்தில் ரைசர் இல்லாத அமைப்புக்கே என் முதல் வாக்கு.

இனி உலோகம். இதில் அவசரப்படக் கூடாது. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மண்டபம், பாம்பன் பகுதியின் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்பதை 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தை ஓயாமல் பராமரித்தவர்கள் அறிவார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றுதான் நம் சன்னல் வழியாகவும் வருகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது தானே நீர்த்துப்போகும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே தகட்டின் மேல் படிந்த உப்புத்தூசி, வெயிலடிக்கும் பகலிலும் முழுதாகக் காய்வதில்லை. அந்த ஈரப்படலத்துக்கு அடியில் துரு வளர்வதை ஒரு நாளும் நிறுத்துவதில்லை.

பெரும்பாலான கேபினெட்டுகள் மெல்லிய துத்தநாகப் பூச்சுள்ள எஃகுத் தகட்டால் செய்யப்பட்டு, மேலே பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிய வண்ணப்பூச்சு) இடப்பட்டவை. தகட்டின் சமதளத்தில் இந்த இரட்டைக் காப்பு நன்றாகவே நிற்கும். ஆபத்து விளிம்புகளில்தான் இருக்கிறது. வெட்டிய விளிம்பில் துத்தநாகம் இருக்காது. கூரான முனையில் பவுடரும் மெலிந்தே படியும். காற்றோட்டத்துக்காக நூற்றுக்கணக்கில் துளையிட்ட பக்கக் கதவை எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொரு துளையும் ஒரு வெட்டு விளிம்பு. கதவைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளைகளின் உட்சுவரில் வண்ணம் இறங்கியிருக்கிறதா, அல்லது வெள்ளி நிறத்தில் உலோகம் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். உட்சுவரும் கறுத்திருந்தால், துளையிட்ட பிறகு பூசியிருக்கிறார்கள் என்று பொருள்; அதுதான் நமக்கு வேண்டியது. உள்ளே மடிப்பு விளிம்புகளில் நகத்தால் அழுத்திக் கீறும்போது வண்ணம் பொருக்காக உதிர்ந்தால் அந்தக் கேபினெட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அலுமினியம் செந்துரு பிடிக்காது என்பதால் பலர் அதையே நாடுகிறார்கள். அனோடைஸ் செய்த (மின்முறையில் காப்புப்படலம் ஏற்றிய) அலுமினியத்துக்கு இந்தக் காற்றில் நல்ல ஆயுள் உண்டு என்பதும் உண்மை. ஆனால் விளம்பரத்தில் அலுமினியம் என்று சொல்லப்படுவது பல நேரங்களில் வெளிப்புறத் தகடு மட்டும்தான். உள்சட்டம் எஃகாகவே இருக்கும். சிறிய காந்தம் ஒன்றை ஒவ்வொரு பகுதியிலும் வைத்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். அலுமினியத்தில் எஃகுத் திருகாணி இறங்கும் இடத்தில், இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் நிற்பதால் வெள்ளைப் பொடி பூக்கும். திருகாணியை முடுக்குமுன் துளி கிரீஸ் தடவுவது அதைத் தள்ளிப்போடும்.

திருகாணிகளைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் கடலோரத்தில் முதலில் பழுப்பேறும் பாகங்களில் அவையும் அடக்கம். கேபினெட்டோடு வருகிற கறுப்புத் திருகாணிகளைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால், அவை எம்3 அளவா, 6-32 என்ற அங்குல அளவா என்று தெரிந்திருக்க வேண்டும். எம்3 மெட்ரிக் அளவு. துருப்பிடிக்காத எஃகிலும் எளிதாகக் கிடைக்கும். 6-32 கிடைப்பது கடினம். கேபினெட்டின் பெரும்பாலான இடங்களில் எம்3 இருந்தால் அதை ஒரு நல்ல அம்சமாகவே கருதுகிறேன்.

காற்றோட்டத்தைப் பற்றி வெளியூர் விமர்சனங்கள் சொல்வதை நாம் கொஞ்சம் திருத்தித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பக்கமும் துளையுள்ள கேபினெட் குளிர்ச்சியாக இருக்கும் என்பது சரி. ஆனால் எல்லாப் பக்கமும் துளை என்றால் எல்லாப் பக்கமும் உப்புக்கு வழி. நைலான் வலையாலான வடிகட்டி மணலையும் பஞ்சையும் பிடிக்கும். சில மைக்ரான் அளவேயுள்ள உப்புத் துகள் அதன் கண்களின் வழியே தாராளமாகப் போய்விடும். ஆகவே உள்ளே நுழையும் காற்றின் மொத்த அளவைக் குறைப்பதே உண்மையான பாதுகாப்பு. குறைந்த வாட் பிராசசர், மெதுவாகச் சுழலும் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி, அந்த விசிறிக்கு முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி, உள்ளே தள்ளும் காற்று வெளியே இழுப்பதைவிடச் சற்று மிகுதியாக இருக்கும் ஏற்பாடு ஆகியவை சேர்ந்தால், காற்று நாம் காட்டிய வழியில் மட்டும் நுழையும். கூச்சலிடும் 40 மில்லிமீட்டர் விசிறிகளை மட்டுமே நம்பியிருக்கும் மிகச் சிறிய கேபினெட்டுகளை இந்த வெப்பத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காற்றை இழுக்கும் பக்கம் எது என்பதையும் வாங்குமுன் பாருங்கள். அடிப்பக்கமாக இழுப்பது என்றால் கால்கள் 15 மில்லிமீட்டராவது உயரமாக இருக்க வேண்டும். தரையில் வைக்கவே கூடாது, நம் வீடுகளில் மணல் செருப்போடு உள்ளே வந்துவிடும். பக்கவாட்டில் இழுப்பது என்றால், ஆடி மாதக் கச்சானும் மார்கழி வாடையும் நேராக அடிக்கும் சன்னலுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டாமல் வைக்க மேசையில் இடம் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் உப்பு உள்ளே வரத்தான் செய்யும். அதனால்தான் திறக்கும் எளிமையை முதலிடத்தில் வைக்கிறேன். உள்நாட்டு ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை திறந்தால் போதுமான கேபினெட்டை, கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து, காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டி, தகட்டை ஈரத்துணியாலும் பிறகு காய்ந்த துணியாலும் துடைக்க வேண்டும். திறப்பது தொல்லையாக இருந்தால் எவ்வளவு கவனமுள்ளவரும் நாளடைவில் தள்ளிப்போட்டுவிடுவார். ஆகவே பாகங்கள் ஏறுமுன் வெறும் கேபினெட்டில் சில காரியங்களைச் செய்து பாருங்கள். பக்கக் கதவு திருகாணி இல்லாமல் அழுத்தத்தில் கழன்று, திரும்பப் பிசிறில்லாமல் பொருந்துகிறதா? கணினியை இடம் மாற்றாமலே வடிகட்டியை உருவி எடுக்க முடிகிறதா? விசிறியை எடுக்க எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்ற வேண்டியிருக்கிறதா? மதர்போர்டைத் தொடுவதற்குக் கிராபிக்ஸ் கார்டு, ரைசர், குறுக்குச் சட்டம் என்று மூன்று அடுக்கைக் கலைக்க வேண்டிய கேபினெட் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு குறைந்த லிட்டரில் அடங்கினாலும், இந்தக் கரைக்கு உகந்ததன்று. 7 லிட்டரில் இறுக்கமாக அடைத்ததைவிட, இரண்டு கதவையும் எடுத்தால் நான்கு பக்கமும் கை நுழையும் 15 லிட்டர் கேபினெட் இங்கே மேலானது.

பாகங்களைக் கோத்த பிறகு, திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் சூட்டுச் சோதனை ஒன்றைச் செய்துவிட வேண்டும். நடுப்பகலில், ஏசி போடாமல், அரைமணி நேரம் முழுச்சுமையில் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே ஐந்து டிகிரிக்குள் வேறுபாடு இருந்தால் கேபினெட் நன்றாக மூச்சுவிடுகிறது. பத்தைத் தாண்டினால் கூலரை மாற்ற வேண்டும், அல்லது கேபினெட்டை மாற்ற வேண்டும். விமர்சனங்களில் வரும் எண்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் எடுக்கப்பட்டவை. நம் சித்திரை மாத அறை 35 டிகிரியைத் தொடும்போது, விமர்சனத்தில் 85 என்று காட்டிய சிப் இங்கே 95ஐத் தாண்டும். பல பிராசசர்களின் உச்சவரம்பு 95க்கும் 100க்கும் இடையில்தான் இருக்கிறது, அதை எட்டியதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

முதல் வாடைக்காலம் முடிந்ததும், அதாவது தை பிறந்த பிறகு, ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் திறந்து பாருங்கள். பின்பக்கத் துளைத்தகடும் திருகாணித் தலைகளும் மட்டும் பழுப்பேறியிருந்தால் திருகாணிகளை மாற்றினால் போதும். கதவின் துளைகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால், கதவைத் தனியே கழற்றி, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, வெயிலில் முழுதாகக் காயவைத்து, மெல்லிய உப்புத்தாளால் துருவைத் தேய்த்துவிட்டு, துத்தநாகம் கலந்த ஸ்பிரே பெயிண்டை மெலிதாக இரண்டு முறை அடிக்கலாம். துளைகள் அடைபடாதபடி தொலைவிலிருந்து அடித்து, மணம் முழுதாகப் போன பிறகு மாட்டுங்கள்.