அலுவலகத் தமிழ்: மேலே, கீழே, பக்கத்தில் எழுதும் முறை

தமிழ்நாடு அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகப் புதிதாகச் சேர்பவர் முதலில் எழுத நேரும் தாள் பணியேற்பு அறிக்கை. நான்கு வரிக்கு மேல் போகாத அந்த அறிக்கையிலேயே அலுவலகத் தமிழின் இயல்பு தெரிந்துவிடும். 'இன்று வேலையில் சேர்ந்துவிட்டேன்' என்று எழுதினாலும் பொருள் விளங்கத்தான் செய்யும். ஆனால் அலுவலகம் எதிர்பார்ப்பது, 'பார்வையில் காணும் ஆணையின்படி 03.06.2024 அன்று முற்பகல் இவ்வலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் பணியேற்றேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்ற வாக்கியத்தை. இதில் 'முற்பகல்' என்ற சொல் அலங்காரத்துக்காக வந்ததன்று. பிற்பகலில் பணியேற்றவருக்கு மறுநாளிலிருந்துதான் ஊதியம் கணக்கிடப்படும். 'பார்வையில் காணும் ஆணை' என்பது எந்த அதிகாரத்தின் பேரில் நீங்கள் அந்த இருக்கைக்கு வந்தீர்கள் என்பதற்குச் சான்று. 'பணிவுடன்' என்பது அந்தத் தாள் கீழிருந்து மேலே போகிறது என்பதைக் காட்டுகிறது.

இந்த மூன்றாவது செய்தியைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். பள்ளியில் தமிழில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களும் அலுவலகக் கடிதத்தில் தடுமாறுவதற்குக் காரணம் சொல் தெரியாமை அன்று. எந்தச் சொல் எந்தத் திசையில் செல்லும் என்பது தெரியாமை. மேலதிகாரிக்கு ஒரு வினைச்சொல், இணையான அலுவலருக்கு இன்னொன்று, கீழுள்ளவருக்கு வேறொன்று என இங்கே சொற்கள் பிரிந்து நிற்கின்றன.

தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956 டிசம்பரில் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டே ஆட்சிச் சொல்லகராதியின் முதற்பதிப்பு வெளிவந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அலுவலகத்தின் பேச்சுமொழி வேறாகவும் எழுத்துமொழி வேறாகவும் இருப்பதால், புதியவருக்கு இரண்டும் பழக வேண்டும். கண்காணிப்பாளர் 'இதுக்கு ஒரு ரிமைண்டர் போடுங்க' என்பார். நீங்கள் எழுத வேண்டியது நினைவூட்டு. 'மெமோ' என்பது தாளில் குறிப்பாணை ஆகும்; 'சர்குலர்' சுற்றறிக்கை ஆகும்; 'டி.ஓ. லெட்டர்' நேர்முகக் கடிதம் ஆகும். ஊரார் நாவில் தாசில்தாராகவே இருப்பவர் கடிதத்தில் வட்டாட்சியர். ஜமாபந்தி எழுத்தில் வருவாய்த் தீர்வாயம். பேச்சுச் சொல்லை அப்படியே தாளில் ஏற்றினால் வரைவு திருத்தத்தோடு திரும்பி வரும். எழுத்துச் சொல்லைப் பேச்சில் எடுத்தாண்டால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் சிரிப்பார், அவ்வளவுதான்.

ஒரு தாளின் பயணம்

அலுவலகத்துக்கு வரும் எந்தக் கடிதமும் முதலில் தபால்தான். அது பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, உரிய பிரிவுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு, உங்கள் தன்பதிவேட்டில் பதியப்படும்போது அதற்கு ஒரு ந.க. எண் கிடைக்கிறது. அந்த எண்தான் அதன் முகவரி. பிறகு வரும் ஒவ்வொரு கடிதமும் அந்த எண்ணைச் சொல்லியே பேசும். நீங்கள் கோப்பில் எழுதி மேலே வைப்பது குறிப்பு. அதோடு சேர்த்து வைக்கும் பதிலின் முதல் வடிவம் வரைவு. அதிகாரி திருத்தி ஒப்பமிட்டால் வரைவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று பொருள். அதன்பின் தூய நகல் எடுத்து, கையொப்பம் பெற்று, அனுப்புகைக்குத் தர வேண்டும். பதில் அனுப்பப்படாமல் கிடப்பது நிலுவை. கோப்புகள் கணினித் திரைக்கு மாறிவரும் அலுவலகங்களிலும் இந்தச் சொற்கள் மாறவில்லை. பதிவேட்டின் அட்டைதான் போயிற்று.

குறிப்புக்கும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதல் வாரத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. குறிப்பு அலுவலகத்துக்குள்ளேயே நிற்பது; அதில் விதி என்ன, முன்நிகழ்வு என்ன, என்ன செய்யலாம் என்பதை வெளிப்படையாக எழுதலாம், 'ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடிக்கலாம். கடிதம் வெளியே போவது. அதில் முடிவு மட்டுமே இருக்க வேண்டும். நான் எழுதத் தொடங்கிய காலத்தில் குறிப்பில் இருந்த ஐயங்களையெல்லாம் அப்படியே கடிதத்திலும் ஏற்றிவிட்டு, பெற்றவர் 'உங்கள் அலுவலகத்துக்கே தெளிவில்லையா?' என்று தொலைபேசியில் கேட்டபோதுதான் அந்த வேறுபாடு எனக்கு உறைத்தது.

கடிதத்தின் உறுப்புகள்

அனுப்புநர், பெறுநர் என்ற இரண்டிலும் 'நர்' என்ற விகுதிதான் சரி. 'அனுப்புனர்', 'பெறுனர்' என்று எழுதுவது பரவலான பிழை. அடுத்து ந.க. எண்ணும் நாளும். விளி பெரும்பாலும் 'ஐயா' அல்லது 'அம்மையீர்'. பெறுபவர் யாரெனத் தெரியாதபோது 'ஐயா / அம்மையீர்' என இரண்டையும் இடுவார்கள்.

பொருள் வரிக்கென்று தனி இலக்கணம் உண்டு. அது முழு வாக்கியம் அன்று. பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் படிக்கட்டு. துறை, இடம், இனம், என்ன நேர்ந்தது, என்ன செய்யப்படுகிறது என்ற வரிசையில் சிறு கோடுகளால் பிரித்து எழுதி, 'தொடர்பாக' என்று முடிப்பது வழக்கம். எடுத்துக்காட்டாக:

பொருள்: தொடக்கக் கல்வி – ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி – வகுப்பறைக் கட்டடம் – மேற்கூரை பழுது – சீரமைப்பு மதிப்பீடு சமர்ப்பித்தல் – தொடர்பாக.

இதைப் படித்த மாத்திரத்தில் அந்தத் தாள் எந்தப் பிரிவுக்கு, எந்த இருக்கைக்குப் போக வேண்டும் என்பது தபால் பிரிப்பவருக்குத் தெரிந்துவிடும். 'பள்ளிக் கட்டடம் பற்றி' என்று மட்டும் எழுதினால் தாள் இரண்டு மூன்று மேசைகளில் தங்கிவிட்டுத்தான் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும்.

பார்வை என்பது இதற்கு முன் நடந்த கடிதப் போக்குவரத்தின் பட்டியல். கால வரிசையில் எண்ணிட்டு, ஒவ்வொன்றுக்கும் அனுப்பியவர், ந.க. எண், நாள் ஆகிய மூன்றையும் தர வேண்டும். அதன்பின் கடித உடலில் 'பார்வை 2-இல் காணும் கடிதத்தில்' என்று சுட்டினால் போதும். பார்வையில் பட்டியலிட்டுவிட்டு உடலில் எங்குமே சுட்டாமல் விடுவது வெறும் சடங்கு, அதைத் தவிர்க்கலாம்.

எந்தத் திசையில் எந்த வினை

மேலே காட்டிய மேற்கூரையையே எடுத்துக்கொள்வோம். தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதும்போது, 'சீரமைப்புப் பணிக்கான மதிப்பீட்டைத் தங்களின் மேலான பரிசீலனைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்' என்பார். வட்டாரக் கல்வி அலுவலர் அதை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பும்போது, இருவரும் ஏறத்தாழ இணை நிலையினர் என்பதால், 'மதிப்பீடு இத்துடன் இணைத்து அனுப்பப்படுகிறது. தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுவார். அதே அலுவலர் தலைமையாசிரியருக்குத் திரும்ப எழுதினால், 'சீரமைப்பு முடியும்வரை அந்த வகுப்பறையைப் பயன்படுத்தக் கூடாது எனத் தலைமையாசிரியருக்கு அறிவுறுத்தப்படுகிறது' என்று தொனி மாறும். செய்தி ஒன்றே; சமர்ப்பித்தல், அனுப்புதல், அறிவுறுத்தல் என வினை மட்டும் திசைக்கேற்பத் திரும்பியது.

மேலே செல்பவை: சமர்ப்பிக்கிறேன், பணிந்து அனுப்புகிறேன், வேண்டுகிறேன், தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். பக்கவாட்டில் செல்பவை: அனுப்பப்படுகிறது, தெரிவிக்கப்படுகிறது, கேட்டுக்கொள்ளப்படுகிறது. கீழே இறங்குபவை: அறிவுறுத்தப்படுகிறது, பணிக்கப்படுகிறது, ஆணையிடப்படுகிறது. 'தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது' என்ற தொடர் பக்கவாட்டிலும் கீழேயும் செல்லலாம்; மேலே செல்லக் கூடாது. மாவட்ட அதிகாரியின் கவனத்தை இளநிலை உதவியாளர் ஒருவர் ஈர்ப்பதாக எழுதிய வரைவுகளை நான் பார்த்திருக்கிறேன். அவை வந்த வேகத்திலேயே திரும்பின.

பொதுமக்களுக்கு எழுதும் கடிதம் எந்தத் திசையில் சேரும் என்று கேட்கலாம். மனுதாரரை 'அறிவுறுத்தும்' கடிதங்கள் நாள்தோறும் போகின்றன. சட்டப்படி அவர் உங்களுக்குக் கீழே பணிபுரிபவர் அல்லர் என்பதால், 'தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' என்பதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி வரும் மனுக்களுக்குப் பதில் எழுதும்போது இது இன்னும் முக்கியம். அங்கே அவர் கேட்பது சலுகை அன்று, உரிமை. 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டிய கடமை பொதுத் தகவல் அலுவலருக்கே உரியது.

இந்தச் செயப்பாட்டு வினைகளில் ஓர் இலக்கணப் பள்ளம் இருக்கிறது. 'அனைத்துத் தலைமையாசிரியர்களும் அறிவுறுத்தப்படுகிறது' என்ற வாக்கியத்தைச் சுற்றறிக்கைகளில் அடிக்கடி காணலாம். எழுவாய் பன்மையாகவும் வினை அஃறிணை ஒருமையாகவும் நிற்பதால் அது பிழை. 'தலைமையாசிரியர்கள் அறிவுறுத்தப்படுகிறார்கள்' என்றாவது, 'தலைமையாசிரியர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது' என்றாவது எழுத வேண்டும். இன்னொன்று, ஆணைகளுக்குச் செயப்பாட்டு வினை பொருந்தும், ஆய்வறிக்கைக்குப் பொருந்தாது. 'பதிவேடு சரிபார்க்கப்பட்டது' என்றால் யார் சரிபார்த்தார் என்ற கேள்வி தணிக்கையில் எழும். 'நான் 12.06.2024 அன்று நேரில் சரிபார்த்தேன்' என்று செய்வினையில் எழுதுவது பொறுப்பை ஏற்பதும் ஆகும்.

குழப்பும் சொற்கள்

ஒப்புதல், ஒப்பளிப்பு, இசைவு, அனுமதி ஆகிய நான்கையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக இடுவது பெருந்தவறு. வரைவையோ திட்டத்தையோ ஏற்பது ஒப்புதல். பணம் செலவிட அதிகாரம் தருவது ஒப்பளிப்பு. 'நிதி ஒப்பளிப்பு' என்பதே வழக்கு. ஒருவர் தாமாகச் சம்மதிப்பது இசைவு. முன்கூட்டிக் கேட்டுப் பெறுவது அனுமதி. கருத்துரு என்பது மேலிடத்துக்கு அனுப்பும் முன்மொழிவு. கருத்து என்பது வெறும் அபிப்பிராயம். 'கருத்துரு அனுப்புக' என்ற கடிதத்துக்கு இரண்டு வரிக் கருத்தை அனுப்பினால் நினைவூட்டு வரும்.

அறிக்கை, நடந்ததைத் தெரிவிப்பது. அறிவிக்கை, சட்டப்படி வெளியிடப்படுவது. விளக்கம் என்பது உங்களிடம் கேட்கப்படுவது, தெளிவுரை என்பது நீங்கள் மேலிடத்தில் கேட்பது. இந்தக் கடைசி இணையில் கவனம் தேவை. 'விளக்கம் கோரும் குறிப்பாணை' வந்தால் அது ஒழுங்கு நடவடிக்கையின் வாசல். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகளில் 17(அ), 17(ஆ) என்று அலுவலர்கள் தாழ்ந்த குரலில் சொல்லும் விதிகளின்கீழ் வருவதாகவும் இருக்கலாம். அதற்கான பதிலில் 'மன்னிக்கவும்' என்று தொடங்காமல், குறிப்பாணையில் கண்ட ஒவ்வொரு இனத்துக்கும் எண்ணிட்டு, நாளும் ஆவணமும் காட்டி எழுதுவதே முறை.

ஒப்பம், மேலொப்பம், சான்றொப்பம் என்பவையும் வேறுவேறு. நீங்கள் இடுவது ஒப்பம்; உங்கள் ஒப்பத்தின் மேல் அதிகாரி இடுவது மேலொப்பம்; நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறது என்று உறுதிசெய்வது சான்றொப்பம்.

விடுப்புச் சொற்களில் பேச்சின் சுருக்கெழுத்துகள் தாளில் வரக் கூடாது. 'சி.எல்.' தற்செயல் விடுப்பு, ஆண்டுக்கு 12 நாள்; 'இ.எல்.' ஈட்டிய விடுப்பு. விடுமுறை நாளில் வேலை செய்ததற்கு எடுப்பது ஈடுசெய் விடுப்பு. மருத்துவச் சான்றின் பேரில் எடுப்பது ஈட்டா விடுப்பு. விடுமுறை என்பது எல்லோருக்கும் உரியது, விடுப்பு என்பது நீங்கள் கேட்டுப் பெறுவது; 'ஒரு நாள் விடுமுறை வேண்டும்' என்று விண்ணப்பித்தால் அலுவலகத்தையே மூடச் சொல்வது போலாகும்.

முடிக்கும் இடம்

கடிதத்தின் இறுதியில் 'உடனடியாக', 'காலதாமதமின்றி' என்று எழுதுவதைவிட நாளைக் குறிப்பதே பயன் தரும்: '28.06.2024-க்குள் இவ்வலுவலகத்திற்குக் கிடைக்குமாறு அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.' இதன் கீழே இணைப்பு என்ற தலைப்பில் தாள்களின் எண்ணிக்கையையும், நகல் என்ற தலைப்பில் யார் யாருக்குச் செல்கிறது என்பதையும் காட்ட வேண்டும். நகல் பட்டியலிலும் திசை தொடர்கிறது: மேலதிகாரிக்குப் போகும் நகலில் 'தகவலுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்றும், கீழுள்ளவருக்குப் போவதில் 'தக்க நடவடிக்கைக்காக' என்றும் எழுதுவார்கள். மேலதிகாரிக்கு நேரடியாக எழுதாமல் உங்கள் அலுவலர் வழியே அனுப்பும் கடிதமாக இருந்தால், பெறுநர் முகவரியின் கீழ் 'உரிய வழியாக' என்ற குறிப்பு இருக்க வேண்டும். அது இல்லாத விண்ணப்பம், செய்தி எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படும்.

கையொப்பம் தமிழில்; முன்னெழுத்தும் தமிழில். அதன் கீழ் பெயரும் பதவிப் பெயரும் தட்டச்சாக இருக்கட்டும். அதிகாரி கையொப்பமிட்ட மூலம் கோப்பில் தங்கிவிட, வெளியே போகும் நகலில் 'ஒம்/-' (ஒப்பம் என்பதன் சுருக்கம்) என்று இட்டு அவர் பெயரை எழுதி, '//உண்மை நகல்//', 'ஆணைப்படி' என்ற குறிப்புகளோடு கண்காணிப்பாளர் ஒப்பமிடுவார். அந்த ஒப்பம் விழுந்த பிறகுதான் தாளை அனுப்புகைக்குக் கொண்டுபோகலாம்.