வேனோடு ஏற்காடு: இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு அடிவாரத்து டீக்கடை ஓரம் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே மெத்தை, காஸ் அடுப்பு, தண்ணீர்க் கேன்கள். முன்சக்கரம் இரண்டிலும் புகை. ஓட்டிவந்த தம்பி ஒரு வாளித் தண்ணீரோடு சக்கரத்தை நோக்கி ஓடினார். ஊற்றாதே என்று நான் போட்ட சத்தத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரே திரும்பிப் பார்த்தார். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், கோணிக்கொள்ளும். சும்மா நிறுத்திவைத்தால் தானே ஆறும்.

"நியூட்ரலில் இறங்கினாயா?"

"டீசல் மிச்சமாகுமே, அண்ணா."

பதினோரு வருடத்துக்கு முன்பு நான் சொன்ன அதே பதில்.

அறை எடுக்காமல் வேனிலேயே சமைத்து, வேனிலேயே படுத்து மலை சுற்றுகிறவனுக்குக் கஞ்சத்தனம் கூடவே பிறந்தது. அதில் குற்றமில்லை. டார்ச்சை மறந்தது, போர்வை போதாமல் போனது போன்றவற்றை ஒரே ராத்திரி கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நியூட்ரல்

சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். சாமான்களோடு மூன்று டன் எடையுள்ள வண்டி அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறக்குறைய 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் தலையில்தான் விடியும்.

அன்று நியூட்ரலில் விட்ட நான் பாதி மலைகூட இறங்கியிருக்கவில்லை. "ஏங்க, ஏதோ கருகுகிறதே, அடுப்பை அணைத்தீர்களா?" என்று மனைவி பின்னால் போய்ப் பார்த்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அடுத்த வளைவில் மிதித்தேன். பெடல் பஞ்சில் கால் வைத்ததுபோலத் தரைவரை போனது. கியர்பெட்டி அலற இரண்டாவது கியரைத் திணித்து, கை பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்சுவரில் வண்டியை உரசி நிறுத்தினேன். இட்லிப் பானை உருண்டு வந்து என் இருக்கையில் மோதியது இன்னும் காதில் இருக்கிறது.

பழுது பார்த்த மெக்கானிக், பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்றார். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி; ஈரம் ஏறியபின் அது 140தான். கொதித்தால் குழாயில் குமிழி வரும். ஆயில் அமுங்காது, குமிழி அமுங்கிவிடும். அதனால்தான் அந்தப் பஞ்சு. டிரம், லைனிங், ஒடுங்கிய கதவு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்.

இன்றுவரை எனக்கு ஆறாத எரிச்சல் என்னவென்றால், டீசலும் மிச்சமாகவில்லை. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்கும் மேதைகளும் உண்டு. அவர்களுக்கு ஸ்டீயரிங் கனக்கும், நாலைந்து மிதிக்குப் பின் பிரேக் கல்லாகும்.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை வழி நெடுகத் தேய்க்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். கருகல் நெடி வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உட்காருங்கள்.

ஏறுகிற வண்டி

அதற்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும்.

தண்ணீர்

ஒரு லிட்டர் ஒரு கிலோ. இறங்கும்முன் கேன்களைக் காலி செய்யுங்கள்.

ராத்தங்கல்

காபித் தோட்டம் புறம்போக்கு நிலம் அல்ல. சில்வர் ஓக் நிழல் யாரோ ஒருவருடையது. தோட்டத்துக்காரரிடம் வெளிச்சம் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். பலர் களத்தில் நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். காபி காயப்போட்டிருந்தால் மட்டும் முகம் சுளிப்பார்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நிறுத்தினால் அபராதம்.

கரியடுப்பு

குளிருக்கு வேனுக்குள் வைத்துத் தூங்கினால் விழிக்கமாட்டீர்கள்.

குரங்கு

கண்ணாடியை ஏற்றுங்கள். முழுவதும்.

மே மாதம்

கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று ஊரே நிரம்பி வழியும். வேனை நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.